மூன்று நிமிடம் பேச எப்படித் தயாராவது? – வாசகர் கேள்வி பதில்

ஜெர்மன் படிக்கிறவர்கள், ஆங்கில வகுப்பில் இருக்கிறவர்கள், வகுப்பு எடுக்கிறவர்கள் என்று பலரும் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மொழி வகுப்பில் எழுந்து நின்று தனியாகப் பேச வேண்டிய அந்த பிரசென்டேஷனுக்கு எப்படித் தயாராவது, பேசி முடித்த பிறகு அதை எப்படித் திரும்பிப் பார்ப்பது. அதனால் இந்த இதழ்ப் பக்கத்தை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் எண்ணத்தில் ஜெர்மன் பி1 (ஆறு நிலைகளில் மூன்றாவது) படிக்கிறேன். 'பிள்ளைகளுக்குக் கைபேசி தேவையா' என்று வகுப்பில் பேசச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பாதியில் ஒரு சொல் வரவில்லை, அப்புறம் எதுவுமே வரவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். தேர்வு நெருங்குகிறது. என்ன செய்வது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த இரண்டு பக்கத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். மனப்பாடம் செய்ததில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததைப் பிடிக்க வழியே கிடையாது, யாராக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும். அதை வைத்து உங்கள் ஜெர்மனை எடை போடாதீர்கள்.

ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவருக்கு நீங்கள் ஹேண்டோவர் கொடுக்கிறீர்கள் இல்லையா? ஐந்தாம் பெட், ராத்திரி ஜுரம் 102, இத்தனை மணிக்கு ஊசி போட்டாச்சு, ரத்தம் லேபுக்குப் போயிருக்கு, ரவுண்ட்ஸில் டாக்டரிடம் இதைக் கேட்கணும். இதை யாரும் எழுதி மனப்பாடம் பண்ணுவதில்லை. கையில் நாலு குறிப்பு இருக்கும், எதற்கு அடுத்து எது என்ற வரிசை மனதில் இருக்கும், மற்றதெல்லாம் வாயில் தானாக வரும். பிரசென்டேஷனுக்கும் அப்படித்தான் தயாராக வேண்டும். ஜெர்மன் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்ததும் இந்த ஹேண்டோவரையே 'யூபர்காபெ' என்ற பெயரில் ஜெர்மனில் செய்யப் போகிறீர்கள், ஆகவே இந்தப் பழக்கம் தேர்வோடு முடிந்துபோகிற ஒன்றும் இல்லை.

வரிசையை நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் கிடையாது. நீங்கள் எழுதப்போவது ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் பி1 என்றால் (ஆஸ்திரியாவின் ஓஎஸ்டி தேர்வு அமைப்பு, சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர் பல்கலைக்கழகம் இரண்டோடும் சேர்ந்து உருவாக்கி 2013இல் இருந்து நடக்கிற தேர்வு அது), இரண்டு தலைப்பில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், பேச வேண்டியதை ஐந்து கட்டமாகக் கேள்வித்தாளிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். தலைப்பையும் எப்படிப் பேசப் போகிறீர்கள் என்பதையும் சொல்வது முதல் கட்டம். அப்புறம் உங்கள் சொந்த அனுபவம், அடுத்து உங்கள் நாட்டில் நிலைமை என்ன, அதற்கடுத்து நன்மை தீமையும் உங்கள் கருத்தும், கடைசியாக முடித்து நன்றி சொல்வது. பேச்சுத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் 40 இதற்கு மட்டுமே. இருவர் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடும் முதல் பகுதிக்கு 28, பேசிய பிறகு கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் பகுதிக்கு 16, உச்சரிப்புக்கு 16. தேற 60 வேண்டும். மூன்று பகுதிக்கும் சேர்த்துத் தயாராக 15 நிமிடம் தருவார்கள், அதில் இந்தப் பேச்சுக்கு ஏழெட்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் இரண்டு பக்கம் எழுத முடியாது என்பதைப் பார்த்தாலே, வீட்டில் இரண்டு பக்கம் எழுதிப் பழகுவது எவ்வளவு வீண் என்று தெரியும்.

சரி, எப்படிப் பழகுவது? பேனாவை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறங்கள். தலைப்பைப் பார்த்ததும் கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு, தெரிந்த ஜெர்மனில் தட்டுத்தடுமாறிப் பேசிப் பாருங்கள், சொல் வராத இடத்தில் தமிழில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். திரும்பக் கேட்டால் தமிழ் எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் ஒரு சொல் வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஐந்தாறு சொல்தான் இருக்கும். அதை மட்டும் அகராதியில் பாருங்கள். தமிழில் கட்டுரையாக எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுப்பதை இந்தக் கட்டத்தில் அறவே விடச் சொல்கிறேன். அது தருகிற வாக்கியம் உங்கள் நிலைக்கு மேலே இருக்கும், உங்கள் மூச்சுக்கு நீளமாக இருக்கும், அப்புறம் அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

அடுத்தது சீட்டு. ஒரு தாளை ஐந்தாக மடியுங்கள், ஒவ்வொரு மடிப்பிலும் நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது மடிப்பில், அதாவது சொந்த அனுபவத்தில், 'நெஃபெ – 10 – ஷூல்பஸ் – ஆன்ரூஃபன்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். அக்கா மகன், வயது பத்து, பள்ளி பஸ் தாமதமானது, அவனிடம் ஃபோன் இருந்ததால் அம்மாவைக் கூப்பிட முடிந்தது என்று அதிலிருந்து உங்களால் நாலு வாக்கியம் பேச முடியும், ஏனென்றால் அது நடந்த கதை, மறக்காது. நேரத்தையும் மடிப்புக்கு மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு ஏறக்குறைய மூன்று நிமிடம். ஆரம்பத்துக்கு 20 விநாடி, அனுபவத்துக்கு 40, நாட்டு நிலைமைக்கு 45, நன்மை தீமைக்கு 55, முடிவுக்கு 15 என்று வைத்தால் சரியாக வரும். நம்மவர்கள் பலர் ஆரம்பத்திலேயே ஒரு நிமிடத்தைக் கரைத்துவிட்டு, நிறையப் பேச இடமிருக்கிற நன்மை தீமையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கென்று ஒரு குறிப்பு. 'வைல்' (ஏனென்றால்) போட்டுக் காரணம் சொல்லும்போது வினைச்சொல் கடைசிக்குப் போவது நமக்குச் சிரமமாகவே இருக்காது, தமிழில் எப்போதும் அதைத்தான் செய்கிறோம். தடுமாறும் இடம் வேறு. 'இன்று', 'இந்தியாவில்', 'முதலில்' என்று வாக்கியத்தைத் தொடங்கினால் அடுத்த இடத்தில் வினை வந்தாக வேண்டும். 'இன் இண்டியன் ஹாபன் ஃபீலெ கிண்டர்...' என்று வர வேண்டியதை (ஹாபன்தான் வினை), 'இன் இண்டியன் ஃபீலெ கிண்டர் ஹாபன்' என்று அவசரத்தில் சொல்லிவிடுவோம். ஆகவே சீட்டில் ஒவ்வொரு மடிப்புக்கும் முதல் சொல்லையும் அதை ஒட்டிய வினையையும் ஜோடியாக எழுதி வையுங்கள். அந்த ஜோடி சரியாக விழுந்தால் மீதி வாக்கியம் தானாக ஒழுங்குக்கு வரும். மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றால் தொடக்க வாக்கியம், ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வாக்கியங்கள், நன்றி வாக்கியம், இவற்றை மட்டும் செய்யுங்கள். எந்தத் தலைப்புக்கும் அவை மாறுவதில்லை.

கடைசியாக, ஒரே பேச்சை மூன்று முறை மூன்று பேரிடம் பேசுங்கள். முதலில் நாலு நிமிடம், அடுத்தவரிடம் அதையே மூன்று நிமிடத்தில், அதற்கடுத்தவரிடம் இரண்டு நிமிடத்தில். கீத் மாரிஸ் என்பவர் 1983இல் சொன்ன பயிற்சி இது, பிறகு நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் எழுதி உலகம் முழுக்கப் பரவியது. மூன்றாவது முறை பேசும்போது வாக்கியம் தேடும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும், உங்களுக்கே தெரியும். ஆள் கிடைக்காவிட்டால் ஹாஸ்டல் அறைத்தோழியிடம், அப்புறம் வீட்டில் அம்மாவிடம் பேசுங்கள். அம்மாவுக்கு ஜெர்மன் புரியாது என்றாலும் எதிரே ஒரு முகம் இருக்கும்.

கேள்வி: முன்கூட்டித் திட்டமிட்டுப் பேசினால் இயல்பாக இருக்காது, அப்போதைக்கு வருவதைப் பேசுவதுதான் உண்மையான திறமை என்கிறார் என் நண்பர். சரியா? – ஒரு வாசகர், சேலம்

பதில்: ஒப்பிப்பதைத்தான் அவர் திட்டமிடுவது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. மொழி கற்றலை ஆராயும் பாலின் ஃபாஸ்டர், பீட்டர் ஸ்கீஹன் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் 10 நிமிடம் யோசிக்க நேரம் பெற்ற மாணவர்கள் நேரம் பெறாதவர்களைவிடத் தடங்கல் குறைவாகவும், இன்னும் விரிவான வாக்கியங்களிலும் பேசினார்கள். இலக்கணப் பிழை குறைந்ததா என்பதில் மட்டும் முடிவு அவ்வளவு நேராக அமையவில்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. என்ன சொல்வது என்ற கவலை முன்பே தீர்ந்துவிட்டால் எப்படிச் சொல்வது என்பதில் மனம் போகும், ஆனால் நிறையச் சொல்ல ஆசைப்பட்டுத் தெரியாத வாக்கிய அமைப்புக்குள் நுழைந்தால் பிழை வரத்தான் செய்யும். வரட்டும், பயிற்சியில் வராமல் வேறெங்கே வரும்?

கேள்வி: கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு பிரசென்டேஷன் முடிந்ததும் 'ரிஃப்ளெக்‌ஷன்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். 'நன்றாகப் பேசினேன், கொஞ்சம் பயம் இருந்தது, அடுத்த முறை இன்னும் முயற்சி செய்வேன்' என்பதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. எல்லோரும் அதையேதான் எழுதுகிறோம். – ஒரு மாணவர், கோவை

பதில்: நீங்கள் எழுதுகிற மூன்று வாக்கியத்தையும் பேசாமலேயே எழுதிவிட முடியும், அதுதான் சிக்கல். நடந்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினால் பயம் மட்டும்தான் நினைவிருக்கும். பேச்சைப் பதிவு செய்யுங்கள், மேசையில் கைபேசியை வைத்தால் போதும். அன்று இரவே அதில் ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, வாயிலிருந்து வந்தபடியே, 'ம்', 'ஆ' எதையும் விடாமல் காகிதத்தில் இறக்குங்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த டோனி லிஞ்ச், மாணவர்களைத் தாங்கள் பேசியதைத் தாங்களே எழுதித் திருத்தச் சொல்லிப் பார்த்து 2001இல் அதைப் பற்றி எழுதினார். ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே நிறையப் பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறார்கள்.

இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'சோ... மை டாபிக் இஸ் வாட்டர். சோ இன் அவர் ஏரியா, ம்... வாட்டர் கம்ஸ் ஒன்ஸ் இன்... ஒன்ஸ் இன் ஃபோர் டேஸ். சோ பீப்பிள் ஆர், பீப்பிள் ஹாவ் டு பை கேன் வாட்டர். சோ ஒன் கேன்... ம்... தர்ட்டி, நோ, தர்ட்டி ஃபைவ் ருப்பீஸ்.'

இதில் என்னென்ன தெரிகிறது பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் 'சோ'வில் தொடங்குகிறது. அதிகம் தயங்கிய இரண்டு இடத்திலும் எண் வருகிறது, நாலு நாளைக்கு ஒருமுறை என்னும்போதும் விலையைச் சொல்லும்போதும். வேற்றுமொழியில் எண் சொல்வது பலருக்கும் கடினம், உள்ளுக்குள் தமிழில் எண்ணிக்கொண்டுதான் இருப்போம். 'பீப்பிள் ஆர்' என்று ஆரம்பித்துத் தானே நிறுத்தி 'ஹாவ் டு பை' என்று மாற்றியிருக்கிறார், அது நல்ல அறிகுறி, தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டு பேசுகிறார் என்று அர்த்தம். இவ்வளவும் இருபது விநாடிப் பேச்சில் கிடைக்கிறது. இனி எழுதுங்கள்: எண் வரும் இடங்களில் நின்றேன், அடுத்த முறை எல்லா எண்களையும் முந்தின நாள் சத்தமாகச் சொல்லிப் பார்த்துச் சீட்டில் எழுத்தில் எழுதிக்கொள்வேன். 'சோ'வுக்குப் பதில் சும்மா ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்கிப் பார்ப்பேன். முடிந்தது. இதுதான் ரிஃப்ளெக்‌ஷன்.

ஒன்றைக் கவனியுங்கள், எழுதியது அடுத்த பேச்சின் திட்டத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நோட்டில் எழுதி ஆசிரியர் கையெழுத்து வாங்கி மூடி வைத்தால் அது வெறும் அசைன்மென்ட். அடுத்த பிரசென்டேஷனுக்கான சீட்டை எடுக்கும்போது, மேலே முதல் வரியாகப் போன முறை கண்டுபிடித்த ஒன்றை, அதிகம் போனால் இரண்டை எழுதுங்கள். பத்துக் குறையைச் சுமந்துகொண்டு போய் நின்றால் வாயே திறக்காது.

எந்த மொழியில் எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆசிரியர் ஒத்துக்கொண்டால், ஆரம்பத்தில் இருப்பவர்கள் தமிழிலேயே எழுதுங்கள். தன்னைப் பற்றி நுணுக்கமாக யோசிக்கும்போது அரைகுறையாகத் தெரிந்த மொழி யோசனையையும் அரைகுறையாக்கிவிடும். பேசுவது ஆங்கிலத்தில் இருந்தால் போதும்.

உங்கள் குரலைக் கேட்க உங்களுக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமில்லாமல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் வருகிறது, அதனால் கனமாகக் கேட்கும். பதிவில் அந்த எலும்பு வழி கிடையாது, மெலிந்து கேட்கும். மற்றவர்கள் எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மெலிந்த குரலைத்தான், அவர்களுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: ஸ்லைடு போட்டுப் பேசலாமா? எத்தனை வைக்கலாம்? – ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வகுப்பில் அனுமதி இருந்தால் படம் மட்டும் போடுங்கள், எழுத்து வேண்டாம். எழுத்து இருந்தால் நீங்கள் அதைப் பார்த்துப் படிப்பீர்கள், கேட்பவர்களும் அதையேதான் படிப்பார்கள்.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. ஒரு வகுப்பில் 60 பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலே மூன்று மணி நேரம் போய்விடுகிறது. ஒருவர் பேச மீதி 59 பேர் ஃபோனைப் பார்க்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது? – ஒரு வாசகி, மதுரை

பதில்: எல்லோரும் 60 பேர் முன்னால்தான் பேச வேண்டும் என்பதை விட்டுவிடுங்கள் டீச்சர். ஆறு ஆறு பேராகப் பத்துக் குழு, ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுவார்கள், சத்தமாக இருக்கும், பக்கத்து வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள். வந்த ஆரம்பத்தில் ஆறு பேர் முன் பேசவே கை நடுங்கும் பிள்ளையை நேரே மேடையில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் அந்த முதல் மேடையோடு இங்கிலீஷே வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பவர்களுக்கு வேலை கொடுங்கள். ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் பேச்சில் பிடித்த ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுவார், ஒருவர் புரியாத இடத்தைக் குறிப்பார், மீதி இருவர் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த சுற்றில் வேலைகள் மாறும். அப்போது ஃபோன் எடுக்க யாருக்கும் கை இருக்காது.

கருத்துச் சொல்லும் வரிசையில் கண்டிப்பாக இருங்கள். பேசியவர்தான் முதலில் தன் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், அப்புறம் நண்பர்கள், நீங்கள் கடைசி. நீங்கள் முதலில் வாயைத் திறந்தால் அதுவே தீர்ப்பாகிவிடும், அதற்கு மேல் அந்தப் பிள்ளை சொந்தமாக எதையும் யோசிக்காது. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி 'ஹி கோஸ், ஹி கோஸ்' என்று திருத்துவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காதில் விழுந்த பொதுவான பிழைகளை யாருடையது என்று சொல்லாமல் கடைசியில் கரும்பலகையில் எழுதி எல்லோருமாகத் திருத்தலாம். நோட்டும் வேண்டும். ஐரோப்பியக் குழு 2001இல் கொண்டுவந்த மொழிக் கோப்பில் மாணவர் தன் கற்றலைத் தானே பதிந்து வைக்கவே ஒரு தனிப் பகுதி உண்டு. உங்கள் மாணவர்களுக்கு 40 பக்க நோட்டு ஒன்று போதும், இடது பக்கம் பேச்சுக்கான சீட்டு, வலது பக்கம் பேசிய பிறகு கண்டது. செமஸ்டர் முடிவில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் ஒரே நிமிடம்தானே யோசிக்கத் தருகிறார்கள், அதற்குள் என்ன திட்டமிடுவது? – ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: தேர்வில் கையில் தரும் தலைப்பு அட்டையில் உள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் நேரே ஒரு சொல், அவ்வளவுதான். யார், எங்கே, எப்போது என்று கேட்பவற்றை வேகமாகக் கடந்து, 'ஏன்' என்று கேட்கும் கடைசிக் குறிப்புக்கு மட்டும் இரண்டு மூன்று சொல் எழுதுங்கள், நீளமாகப் பேச இடம் இருப்பது அங்கேதான். உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை எடுங்கள். இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் நிறுத்திவிடுவார், அதற்காகப் பதற வேண்டாம். தடையின்றிக் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. அதனால் உச்சரிப்பை வெள்ளைக்காரர் மாதிரி மாற்றுகிறேன் என்று மற்ற மூன்றையும் கோட்டை விடாதீர்கள்.

கேள்வி: பேசிவிடுகிறேன், அதன்பிறகு எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வி புரியாமல் போய்விடுமோ என்றுதான் பயம். நானும் பி1 ஜெர்மன். – ஒரு வாசகர், சென்னை

பதில்: புரியாவிட்டால் கேளுங்கள். ஐரோப்பிய மொழித் தர அட்டவணையில் பி1 நிலைக்காரர் தயாரித்த பேச்சைக் கொடுத்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும், ஆனால் கேட்டவர் வேகமாகப் பேசினால் திரும்பச் சொல்லும்படி கேட்க வேண்டியிருக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 'கோன்டன் ஸீ தாஸ் பிட்டெ வீடர்ஹோலன்?' (தயவுசெய்து திரும்பச் சொல்ல முடியுமா?) என்ற வாக்கியம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். பழகும்போது பேச்சை முடித்ததும், இதில் என்னை என்ன கேட்பார்கள் என்று மூன்று கேள்வி நீங்களே எழுதி, பதிலை எழுதாமல் வாயால் மட்டும் சொல்லிப் பாருங்கள். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பகுதியில் உங்கள் ஜோடியின் பேச்சைப் பற்றி நீங்களும் ஒரு கருத்துச் சொல்லி ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. தன் முறை முடிந்த நிம்மதியில் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அவர் பேசும்போது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய சொந்த அனுபவம் வருகிற இடத்தில் ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்க மிகச் சுலபமான இடம் அதுதான்.